விலாவுல எழுதின சிங்கம்

அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கிவிடுங்க தம்பி. சாரல் பிள்ளை மூஞ்சியில அடிக்குது பாருங்க. ஆங், போதும். காத்துக்கு ஒரு விரக்கடை எடம் விட்ருங்க. இந்த ஐப்பசி மழைய நம்ப முடியாது, நின்ட்ட மாதிரி இருக்கும், அடுத்த நிமிசம் ஊத்தும்.

தேனிக்கா போறீங்க? நான் உசிலம்பட்டியில எறங்கிருவேன். தங்கச்சி வீடு. இல்லல்ல, நீங்க நகர வேணாம், நான் இந்த ஓரத்துலயே உக்காந்துக்கிறேன். நடுவுல இந்தப் பைய வச்சுக்கிறேன், ஒண்ணும் இடிக்காது. வேணாம் தாயி, மாமா சட்டையப் பிடிக்காத. ஈரமா இருக்கு. தம்பி, அவ கைய அங்கிட்டு எடுத்துக்கங்க. மழையில நனைஞ்ச சட்டை.

எம் பேரு போஸு. சோழவந்தான் பக்கத்துல தேங்காக் களம் வச்சிருக்கேன். தேங்காய ஒடச்சு வெயில்ல காயவச்சுக் கொப்பரையாக்கி எண்ணெய் ஆட்டுறவுகளுக்குப் போடுறது. அதனால வானத்தப் பத்தி எங்கிட்டக் கேளுங்க, சொல்றேன். டிவிக்காரன் மழையிங்குற அன்னைக்கு நான் காய பரப்பியிருக்கேன், அவன் வெயிலுங்குற அன்னைக்குத் தார்ப்பாயப் போட்டு மூடியிருக்கேன். எம் பொண்டாட்டி பேச்சியம்மாளக் கேட்டா, பாதி நாளு நான் நனையவிட்டேன்னுதேன் சொல்லுவா. அது அவ சொல்றது.

என்னடா இந்தாளு விலாவப் பிடிச்சுக்கிட்டே வர்றாருன்னு பாக்குறீங்க. அக்கி வந்த எடம் தம்பி. கத்திரி வெயில்ல வந்தது. கொப்புளம் பூராம் காஞ்சு, பக்கு உதிந்து, தோலும் ஆறிப்போச்சு. வலி மட்டும் போகல. சட்டை உரசுனாப் போதும், நெருப்ப அள்ளி வச்ச மாதிரி எரியும். மேகம் கருத்தாச் சுருக்குனு இழுக்கும். இப்ப மழைக்கு டிவியே பாக்குறதில்ல, விலா சொல்லிப்புடும்.

வெயில்தேன். வேற என்னா? வெயில்தேன் காரணம்.

நடந்தத முழுசாச் சொன்னாத்தேன் உங்களுக்கு வெளங்கும். எனக்கு ஒரே தங்கச்சி, ஜெயக்கொடின்னு. எனக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம், நாந்தேன் தூக்கி வளத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவளுக்கும் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் இல்ல. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. அப்புறம் ஒரு வழியாப் பொறந்தா மகிழினி. எங்க ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே பிள்ளை தம்பி. உங்க பிள்ளை மாதிரித்தேன், இதே சுருட்டை முடி.

பிள்ளைக்குப் பதினொண்ணாம் மாசம் மொட்டை போட்டுக் காது குத்தணும்னு எங்க தங்கச்சி மாப்ள தவமணி நாள் குறிச்சாரு. எப்பக் குறிச்சாருன்னு கேளுங்க. நடுக் கத்திரியில! மாப்ளே, வெயில் கொறையட்டும், ஆடி கழிச்சு வைப்போம்னு சொன்னேன். கேக்கல. அவுக ஆபீசுல அப்பத்தேன் லீவாம். கரண்டு ஆபீசு. நாந்தேன் அன்னைக்கே சொன்னேன்ல, இப்ப யாரும் அத ஞாபகம் வச்சுக்கிறதில்ல.

காது குத்துன்னா தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தேன் குத்தணும், உங்களுக்குத் தெரியாததா? அந்த மடி என் மடி. ஆனா எங்க பெரியப்பா மகன் செல்லப்பாண்டின்னு ஒருத்தன் இருக்கான். அவனும் மொறைக்கு மாமன்தேன். அவன் ரொம்ப நாளாவே, "அண்ணனுக்கு முடியலேன்னா சொல்லச் சொல்லுங்க, நான் உக்காருறேன்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எனக்கு என்னா முடியாம போச்சு? தட்டு வரிசை, மேளம், பட்டுப்பாவாடை, கொலுசு, தோடுன்னு நான் ஒவ்வொண்ணா ஓடி ஓடி வாங்கிக்கிட்டு இருக்கேன். ராத்திரி தூக்கம் கெடையாது. படுத்தா அவன் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு எங்க பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரியே தோணும். சோறு எறங்கல. மத்தபடி மனசுல ஒரு கவலை இல்ல.

விசேசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில ஒரு கோடை மழை பேஞ்சுச்சு. பேஞ்சு நின்ட்டதும் களத்துச் சிமிண்டுத் தரையில இருந்து ஆவி கெளம்புது பாருங்க, அதுல ஓடி ஓடிக் காய அள்ளுனேன். அந்தச் சூடுதேன் அப்படியே விலாவுல ஏறியிருக்கு. மறுநாளு எடது பக்கம் ஒரே குத்து. அதுக்கடுத்து செவசெவன்னு தடிச்சுக் கொத்துக் கொத்தாக் கொப்புளம், முதுகுல இருந்து நெஞ்சு வரைக்கும் பெல்ட்டு போட்ட கணக்கா. என்கூடக் களத்துல பதினஞ்சு ஆளு அதே ஆவியில அள்ளுனாக. ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. அது அவுக ஒடம்பு வாகு.

பேச்சியம்மா பாத்துட்டு, "ஐயோ, அக்கிங்க இது"ன்னு கத்துனா. அக்கி சுத்தி வந்து ரெண்டு முனையும் சேந்துட்டா ஆளு தங்காதுன்னு எங்க ஊருல ஒரு பேச்சு உண்டு. அவ பயந்துட்டா. மதுரைக்கு இழுத்துக்கிட்டுப் போயி தோல் டாக்டர்கிட்டக் காட்டுனா. சின்னப் பொண்ணு தம்பி அந்த டாக்டரு. பாத்த ஒடனே, "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா சார்?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா, பள்ளிக்கூடத்துல சேத்த புதுசுல ஆத்தா வந்துட்டுப் போனா"ன்னேன்.

"போகல சார். அந்தக் கிருமி உங்க நரம்புக்குள்ளயே தூங்கிக்கிட்டு இருக்கும். வயசாகி, தூக்கமில்லாம, மனசுல எதையாவது போட்டு ஒழப்பிக்கிட்டு, ஒடம்பு தளந்துச்சுன்னா முழிச்சுக்கிரும். அதுதான் அக்கி. ஒரு பக்கம் மட்டுந்தான் வரும், சுத்தி வந்தெல்லாம் சேராது. உங்களுக்குக் கவலை ஏதும் இருக்கா?"

ஆத்தாவப் போயித் தூங்குறான்னு சொல்லலாமா தம்பி? படிச்சா இதெல்லாம் வந்துருது. எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா, வெயில்தானே காரணம்னு கேட்டேன். அது சொல்லுச்சு. "வெயில் காலத்துல கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க. கடும் வெயில் ஒடம்போட எதிர்ப்பைக் கொஞ்சம் கொறைக்கலாம்னு ஒரு கணிப்பு. வேற எடங்கள்ல பாத்தப்ப அப்படி ஒண்ணும் தெரியல. அதனால உறுதியாச் சொல்ல முடியாது சார்."

பாத்தீங்களா! அது வாயாலயே வந்துருச்சா இல்லையா? வெயிலு. நான் பேச்சியம்மாளத் திரும்பிப் பாத்தேன். கேட்டுக்கன்னு பாத்தேன்.

அதுக்கப்புறம் அது என்னென்னமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அக்கி இன்னொருத்தருக்கு அக்கியாத் தொத்தாதாம். ஆனா அந்தக் கொப்புளத்துத் தண்ணி பட்டா, இதுவரைக்கும் அம்மை வராதவுகளுக்கு அம்மை வந்துருமாம், அதுலயும் கைப்பிள்ளைகளுக்கு ரொம்பக் கவனமாம். பக்கு கட்டுற வரைக்கும் துணி போட்டு மூடி வைக்கணுமாம். "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? இருந்தாத் தூக்காதீங்க சார்"னுச்சு. எங்க வீட்டுல சின்னப் பிள்ளை இல்லம்மான்னேன். பொய்யில்லையே தம்பி. எங்க வீட்டுல இல்ல, தங்கச்சி வீட்டுலதேன் இருக்கு. பேச்சியம்மா பக்கத்துல இருந்து என் கையக் கிள்ளுனா. நான் டாக்டருக்குக் கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

மாத்திரை குடுத்துச்சு, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. ரெண்டு நாளு போட்டேன். மாத்திரைன்னாலே சூடு. சூட்டால வந்ததுக்குச் சூட்டையே குடுத்தா எப்படிக் கேக்கும்? நிறுத்திட்டு, எங்கூரு வேளார்கிட்டப் போயி அக்கி எழுதிக்கிட்டேன். மண்பானை செய்யிறவுக, அவுகதேன் எங்க பக்கம் அக்கிக்கு எழுதுவாக. காவியக் கொழச்சு, கொப்புளத்துக்கு மேல கோழி இறகால ஒரு சிங்கம் எழுதுனாரு. பிடரி, வாலு, நாக்கு எல்லாம் வச்சு. எழுதும்போது சிலுசிலுன்னு அம்புட்டுச் சொகம். இந்த மாத்திரையில வருமா அந்தச் சொகம்?

விசேசத்துக்கு மொத நாளு ராத்திரி பூராம் பேச்சியம்மா அழுதா. "செல்லப்பாண்டி உக்காரட்டுங்க. இல்ல, நாளத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. அந்த டாக்டர் பொண்ணு சொன்னத நான் ஜெயக்கொடிகிட்டச் சொல்லிர்றேன்"னா. சொன்னேன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னேன். எதச் சொல்லுவ, வெயிலுன்னு சொல்லிச்சே, அதச் சொல்லுவியா? வெயில் எங்கயாச்சும் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துமான்னு கேட்டேன். அவ எந்திரிச்சுப் போயி என் விலாவுல கட்டுறதுக்குப் பழைய வேட்டியக் கிழிச்சா. பாவம், அவ்வளவாப் படிக்கல.

எங்க குலசாமி முன்னாடி ஆம்பளைக சட்டை போடக் கூடாது. துண்டு மட்டுந்தேன். அன்னைக்குன்னு பாத்து வெயிலே இல்ல, மேகம் மூடி ஒரே இறுக்கம். அது வெயில விட மோசம் தம்பி. பேச்சியம்மா விலாவச் சுத்திக் கட்டிவிட்ட துணி வேர்வையில ஒட்டிக்கிட்டுப் பிடுங்குது. கோயிலுக்குப் பின்னாடி போயி அவுத்துப் போட்டுட்டேன். எழுதுன சிங்கத்தத் துணியப் போட்டு மூடுனா அதுக்கு மூச்சு முட்டாதா? துண்ட மேல போட்டுக்கிட்டேன். செல்லப்பாண்டி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மணைக்குப் பக்கத்துலயே நின்டுக்கிட்டு இருந்தான். நான் போயி டக்குனு உக்காந்துட்டேன்.

ஜெயக்கொடி பிள்ளையக் கொண்டாந்து என் மடியில வச்சுச்சு. "அண்ணே, இறுக்கிப் பிடிச்சுக்கண்ணே"ன்னு அதுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. எனக்குந்தேன். பன்னெண்டு வருசம் தம்பி. அந்தப் பாரம் மடியில எறங்குன ஒடனே எனக்கு எரிச்சலும் தெரியல, ஒண்ணும் தெரியல. இதுக்குத்தேன் பொறந்தோம்னு இருந்துச்சு.

மொட்டை போடையில சும்மா இருந்தா. ஆசாரி காதத் தொட்டதும் வீல்னு கத்துனா பாருங்க, கோயிலே அதிருது. தலைய அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுறா. எல்லாரும் கைதட்டுறாக, கிலுகிலுப்பைய ஆட்டுறாக, ஒண்ணுக்கும் மசியல. நான் சட்டுனு துண்ட வெலக்கி, "மகிழு, இங்க பாரு, சிங்கம் பாரு, மாமாகிட்டச் சிங்கம்"னு காட்டுனேன். அப்படியே அழுகைய நிறுத்திட்டா. கண்ணக் கொட்டாமப் பாத்துட்டு, அந்தப் பிஞ்சுக் கைய நீட்டி அது மேல வச்சுத் தடவுறா. எரிச்சல் உச்சி மண்டைக்கு ஏறுச்சு. கையத் தட்டிவிட மனசு வருமா? கை பூராம் காவி, ஈரம். அந்தக் கைய அப்படியே வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாக. அந்த நேரம் பாத்து ஆசாரி ரெண்டு காதையும் குத்தி முடிச்சுட்டாரு. போட்டோக்காரன் எடுத்துட்டான். இருங்க காட்டுறேன். இந்தா, இதேன். செவப்பாத் தெரியுதுல்ல, அதேன் அவ கை. செல்லப்பாண்டி பின்னாடி நிக்கிறான் பாருங்க, மூஞ்சியப் பாருங்க!

ரெண்டு வாரம் போச்சு. மகிழினிக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. அப்புறம் ஒடம்பு பூராம் முத்து. அம்மை. நான் சொன்னேன்ல, நடுக் கத்திரியில மொட்டை போட்டா பச்ச மண்ட எப்படித் தாங்கும்? அதோட அவுக வீட்டுல ஏசி வேற. உள்ள குளுரு, வெளிய அனலு. ஏசியப் போட்டது தவமணி, நாளக் குறிச்சது தவமணி. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல, பெருந்தன்மையா விட்டுட்டேன்.

ஆனா பிள்ளைக்கு முத்திப்போச்சு தம்பி. நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குதுன்னு மதுரையில ஆஸ்பத்திரியில சேத்துட்டாக. நான் வேப்பங்கொழையும் எளநியுமா ஓடுனேன். கண்ணாடி ரூம்பு. வெளிய இருந்து பாத்தா, அந்த மொட்டைத் தலையில, கண்ணு எமையில, ஒரு எடம் பாக்கி இல்ல. மூக்குல டியூப்பு. கைய மெத்தையில கட்டி வச்சிருந்தாக, சொறியாம இருக்க. அதே கை. நான் அங்கனயே உக்காந்துட்டேன். அன்னைக்கும் சரியான வெயில், தல கிறுகிறுத்துருச்சு.

ஜெயக்கொடி வெளிய வந்துச்சு. எத்தனை நாளு தூங்கலையோ. கத்தல, அழுகல. "அண்ணே, உன்னப் பாத்த டாக்டரு பிள்ளையத் தூக்காதன்னு உங்கிட்டச் சொன்னாங்களா, இல்லையாண்ணே?"ன்னு கேட்டுச்சு. பேச்சியம்மா சொல்லியிருக்கா. என் கூட முப்பது வருசம் குடித்தனம் நடத்துனவ, போயிச் சொல்லியிருக்கா!

நான் என்னா சொல்றது? டாக்டரு சொன்னதத்தேன் சொன்னேன். "வெயிலுன்னுதேன் சொன்னாங்க தாயி"ன்னேன். அது திரும்பிக்கிருச்சு. அப்புறம் உள்ள போயிக் கதவச் சாத்திக்கிருச்சு. ஏசி ரூம்புல்ல, கதவச் சாத்தித்தேன் வைக்கணும்.

பிள்ளை பொழச்சுக்கிட்டா. ஆத்தா புண்ணியம். புருவத்துக்கு மேல மட்டும் ரெண்டு தழும்பு நின்டுபோச்சுன்னாக. நான் இன்னும் பாக்கல.

ஆனி மாசம் செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தான். பிள்ளை காதுக்கு நான் போட்ட தோட்ட ஒரு சின்ன டப்பாவுல வச்சு எங்கையில குடுத்தான். "ஜெயக்கொடி குடுத்துட்டு வரச் சொல்லுச்சுண்ணே"ன்னான். குடுத்த கையோட கெளம்பிட்டான். அவன் வழக்கமா ஒரு காப்பி குடிக்காமப் போற ஆளு கெடையாது. எனக்குப் புரிஞ்சுருச்சு. அம்மை போட்ட ஒடம்பு, தங்கம் சூடு, அந்த வெயில்ல காதுல கெடந்தாப் புண்ணாயிரும்னு கழட்டியிருக்கு. தொலையாம மாமன்கிட்டப் பத்திரமா இருக்கட்டும்னு குடுத்துவிட்ருக்கு. வேற என்னா இருக்கப் போகுது?

அப்புறம் ரெண்டு தடவை போனேன். மொதத் தடவை ஆடியில. கதவு உள் பக்கம் பூட்டியிருந்துச்சு. சரியான ஆடிக் காத்து, மண்ணு உள்ள வருதுன்னு அடைச்சிருப்பாக. ரெண்டாந் தடவை புரட்டாசியில, மழை. அரை மணி நேரம் பெல்ல அடிச்சேன். மழைச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல போல. உள்ள டிவி ஓடுற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பிள்ளை தத்தக்கா பித்தக்கான்னு நடக்குற சத்தம் கூட, அந்தக் கொலுசுச் சத்தம், நான் வாங்கிக் குடுத்த கொலுசுதேன். அதக் கழட்டல பாருங்க. அது வெள்ளி, குளிர்ச்சி.

பேச்சியம்மா இன்னைக்கு வேணாம்னுதேன் சொன்னா. "போகாதீங்க, அது மனசு ஆறட்டும்"னா. மனசுக்கு என்னா வந்துச்சு? இந்த மாசம் காத்து மாறிருச்சு. பகல் வெயில் கொறைஞ்சு போச்சு, மனுசனுக்கும் சூடு தணியும்ல. தோடு இங்க சட்டைப் பையிலதேன் இருக்கு. கதவு தொறந்தா நானே காதுல போட்டு விட்... இல்ல, ஜெயக்கொடி கையில குடுத்துருவேன். அது போட்டு விடட்டும். தொறக்கலேன்னாலும் பரவாயில்ல, எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. அங்கன உக்காந்தா அவுக கம்பிக் கதவு தெரியும். பிள்ளை சாயங்காலம் வாசலுக்கு வரும்னு அந்த டீக்கடைக்காரரு சொன்னாரு. அந்தத் தழும்பு எம்புட்டுப் பெருசுன்னு மட்டும் பாத்துட்டு வந்துருவேன்.

உசிலம்பட்டி வந்துருச்சா? ஆமா, இதேன். வர்றேன் தம்பி. வர்றேன் தாயி. ரெண்டு பேரும் பொறுமையாக் கேட்டுக்கிட்டு வந்தீங்க. பையத் தூக்கிக்கிறேன், நீங்க எந்திரிக்க வேணாம்.

என்னா தம்பி, எதுக்குப் பிள்ளைய நீட்டுறீங்க? வேணாம். தெரியுது, எனக்கு அக்கி ஆறி மாசக் கணக்காச்சு, தெரியுது. ஒரு தடவை வாங்கிட்டுக் குடுங்கங்கிறீங்க. உங்களுக்கு நல்ல மனசு. வேணாம்னா விடுங்க தம்பி, பிள்ளை கைய நீட்டுது, அங்கிட்டுத் திருப்பிக்கங்க. இல்ல, கண்ணுல ஒண்ணுமில்ல, சாரலு. ஷட்டர நல்லா மூடுங்கன்னேன்ல. என் கையத் தொட்டுப் பாருங்க, எப்படிச் சில்லுனு இருக்கு. இந்தக் குளிர்ல பச்சப் பிள்ளைக்கு ஆகாது.

வெயில் காலமா இருந்தா வாங்கியிருப்பேன்.